எந்தக் கோப்பில் வைப்பது?

முத்துக்குளித்துறைப் பரதவருக்காக இயேசு சபைத் துறவி அண்டிரிக் அடிகளார் எழுதிய 'அடியார் வரலாறு' என்ற நூல் 1586-ல் அச்சானது. அதன் பிரதிகள் வத்திக்கானிலும் கோபன்ஹேகனிலும் இன்னும் இருக்கின்றன. தாள் நானூறு ஆண்டு தாங்கியது. இன்று நாம் போடும் மின்னூல் இருபது ஆண்டாவது தாங்குமா என்பதுதான் என் கவலை.

கோயில் மலர், ஊர் வரலாறு எல்லாம் இப்போது பிடிஎஃப் ஆகிவிட்டன. நல்லதுதான். ஆனால் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பிலிருந்து 'முத்து' என்ற சொல்லை நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான் வந்து விழும். தேடினாலும் கிடைக்காது. தமிழ் நூல்களை மின்னூலாக்க 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டம் திஸ்கி என்ற பழைய குறியாக்கத்திலிருந்து யூனிகோடுக்கு மாறியதன் அருமை அப்போது புரியும்.

கைபேசியில் படிக்க இபப் என்ற மின்னூல் வடிவம் போதும். எழுத்தைப் பெரிதாக்கினால் வரி தானே மடங்கிக்கொள்ளும். உள்ளே இருப்பவை வெறும் எச்டிஎம்எல் பக்கங்கள் என்பதால் எந்தக் காலத்திலும் திறந்துவிடலாம். மோபி என்ற மற்றொரு மின்னூல் வடிவத்தை அமேசானே கைவிட்டுவிட்டது. பக்க அமைப்பு மாறாமல் காக்க வேண்டிய பழம்பதிப்புக்கு, எழுத்துருவைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் பிடிஎஃப்-ஏ.

மலர்க் குழுவினரே, யூனிகோடு மூலக் கோப்பை அச்சகத்திலேயே விட்டுவிடாதீர்கள். கேட்டு வாங்கி வையுங்கள்.