பரணில் உறங்கும் மடிக்கணினி

தமிழ்நாட்டு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் தொடங்கியது. மேல்நிலை வகுப்பு பயின்ற பல இலட்சம் மாணவர்களின் வீடுகளுக்குள் அத்திட்டத்தின் வழியாகவே முதன்முதலில் கணினி நுழைந்தது. அன்று அதைப் பெற்ற அண்ணன்களும் அக்காக்களும் இன்று பணிக்குச் சென்றுவிட்டனர். சிலருக்குத் திருமணமும் ஆகிவிட்டது. அவர்கள் விட்டுச்சென்ற மடிக்கணினிகளோ பரணிலும் அலமாரியின் அடித்தட்டிலும் உறங்குகின்றன. காரணம் கேட்டால், "அது பழசு, ஓடாது" என்னும் விடையே எங்கும் கிடைக்கிறது. இவ்விடையை நான் ஏற்பதில்லை.

சில ஆண்டுகளுக்குமுன் என்னிடம் பயின்ற மாணவி ஒருவர் தம் அக்காவின் மடிக்கணினியைப் பள்ளிக்குக் கொண்டுவந்தார். பழுதுநீக்கும் கடையொன்றில், "இதற்குச் செலவிடுவது வீண், புதியது வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். அவருடைய தந்தை கட்டடத் தொழிலாளி. புதிய கணினியின் விலை அக்குடும்பத்திற்குச் சில மாத வருவாய். நானோ தமிழாசிரியன், திருகாணியைத் தொடவும் அஞ்சுபவன். எனவே, கணினி அறிவியல் ஆசிரியரிடம் அழைத்துச்சென்றேன். பொத்தானை அழுத்தியபின் அக்கருவி பயன்பாட்டிற்கு வர எட்டு நிமிடங்கள் ஆயின. அவர் சொன்ன முதற்சொல் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது: "இது கிழடாகவில்லை ஐயா, சுமை கூடிவிட்டது."

அதன் பொருளைச் சற்று விளக்க வேண்டும். மனித உடலைப்போல் கணினியின் செயலி ஆண்டுதோறும் தளர்வதில்லை. பத்தாண்டுகளுக்குமுன் செய்த கூட்டலை அது இன்றும் அதே வேகத்தில் செய்யும். மாறியவை, நாம் அதன்மேல் ஏற்றும் மென்பொருள்களும் இணையப் பக்கங்களுமே. நினைவகம் என்பது படிக்கும் மேசையைப் போன்றது; வன்தட்டு என்பது அடுத்த அறையிலுள்ள புத்தக அடுக்கு. மேசை சிறிதாக இருந்து புத்தகங்கள் மிகுந்துவிட்டால், ஒவ்வொன்றையும் எடுத்துவைக்கவும் கொண்டுவரவும் நடந்துகொண்டே இருக்கவேண்டும். நினைவகம் நிரம்பிய கணினியும் அவ்வாறுதான் வன்தட்டுக்கும் நினைவகத்துக்கும் இடையே அலைகிறது. அவ்வலைச்சலையே நாம் முதுமை என்று தவறாகக் கருதுகிறோம்.

எது திணறுகிறது என்பதைக் கணினியே காட்டிவிடும். விண்டோஸ் இயங்குதளத்தில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' திறக்கும். நினைவகமும் வன்தட்டும் எத்தனை விழுக்காடு நிரம்பி உழைக்கின்றன என்பதை அங்கே காணலாம். அம்மாணவியின் கணினியில் வன்தட்டு நூறு விழுக்காட்டில் நின்றது. கணினி தொடங்கும்போதே தாமாக விழித்துக்கொள்ளும் மென்பொருள்கள் பதினான்கு இருந்தன. அவற்றுள் தேவையானவை இரண்டே. 'கணினியை வேகப்படுத்தித் தருகிறோம்' என்று வாக்களிக்கும் மென்பொருள்கள் மட்டும் மூன்று! இத்தகையவற்றை நிறுவாதிருப்பதே நலம். உலாவியில் இருபது பக்கங்களைத் திறந்துவைத்துவிட்டுக் கருவியைக் குறைகூறும் பழக்கம் எனக்கும் உண்டு, உங்களுக்கும் இருக்கலாம்.

இவற்றை நீக்கியும் போதாதபோது இரண்டு உறுப்புகளை மாற்றலாம். பழைய மடிக்கணினிகளின் வன்தட்டுக்குள் ஒரு வட்டு நிமிடத்திற்கு 5400 முறை சுழல்கிறது. தரவைத் தேடி ஒரு முள் அதன்மேல் நகர்கிறது. அதற்கு மாற்றான எஸ்.எஸ்.டி.யில் அசையும் உறுப்பே இல்லை. சுழல்தட்டு நொடிக்கு ஏறத்தாழ 100 மெகாபைட் படித்தால், இது 500 மெகாபைட் வரை படிக்கும். சிதறிக்கிடக்கும் சிறுசிறு கோப்புகளைத் தேடி எடுப்பதில் இவ்வேறுபாடு இன்னும் பன்மடங்கு. நினைவகத்தை 2 ஜிபியிலிருந்து 4 ஜிபியாக உயர்த்துவதும் அதுபோன்றதே. ஆனால், கருவி எவ்வகை நினைவகத்தை ஏற்கும் என்று பார்த்தே வாங்க வேண்டும். சில கருவிகளில் அது பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், மாற்ற இயலாது. மூடியைத் திறக்கும்போதே விசிறியில் படிந்த தூசியையும் துடைத்துவிடுதல் நன்று. எதைத் தொடுவதற்கு முன்பும் உள்ளேயுள்ள கோப்புகளைப் படியெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது இயங்குதளம். விண்டோஸ் 7க்கான பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் 2020 சனவரியில் நின்றன. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11, 'டி.பி.எம். 2.0' என்னும் பாதுகாப்புச் சில்லு உள்ளிட்ட தகுதிகளைக் கேட்பதால் நல்ல நிலையிலுள்ள கணினிகள் பலவும் வாயிலிலேயே நின்றுவிடுகின்றன. கருவியில் பழுதில்லை, ஆயினும், அது பழையதாக அறிவிக்கப்படுகிறது. உரிமம் இல்லாத படியை யாரிடமாவது வாங்கி நிறுவுவதை நான் எதிர்க்கிறேன். அது சட்டப்படி தவறு. அத்தகைய படிகளில் தீநிரல்களும் ஒளிந்துவருகின்றன.

நேரான வழி ஒன்று இருக்கிறது. பின்லாந்து நாட்டு மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட லினக்ஸ் கருநிரலைக் கொண்டு உருவான கட்டற்ற இயங்குதளங்கள் பல இன்று கிடைக்கின்றன. லினக்ஸ் மின்ட், அதனினும் எளிய லுபுண்டு ஆகியன பழைய கணினிகளுக்கு ஏற்றவை. 8 ஜிபி பென் டிரைவில் இதனை எழுதிக்கொண்டால், வன்தட்டில் எதையும் மாற்றாமல் அதிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம், பிடித்தால் நிறுவலாம். ஆயினும், 32 பிட் செயலி கொண்ட மிகப் பழைய கருவிகளை இவற்றின் இன்றைய பதிப்புகள் ஏற்பதில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. லிப்ரே ஆபிஸில் கட்டுரை எழுதலாம்; பைத்தான் பழகலாம்; தமிழ் 99 விசைப்பலகையும் உண்டு. திரைப்படத் தொகுப்பு, பெரிய விளையாட்டு போன்றவற்றை இக்கருவிகளிடம் எதிர்பார்ப்பது முறையன்று.

இதில் ஒரு வருத்தமும் எனக்குண்டு. தொடக்கக்கால அரசு மடிக்கணினிகளில் விண்டோஸுடன் 'பாஸ்' என்னும் லினக்ஸ் இயங்குதளமும் சேர்த்தே வழங்கப்பட்டது. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இந்திய வெளியீடு அது. கணினியைத் திறக்கும்போதெல்லாம் அதன் பெயர் திரையில் தோன்றும். எங்கள் பள்ளியில் அதைத் தேர்ந்தெடுத்த மாணவரை நான் கண்டதில்லை. தேர்ந்தெடுக்கச் சொல்லித் தந்த ஆசிரியருள் நானும் ஒருவனல்லன்.

கைபேசி இருக்கும்போது இத்தனை பாடு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். கைபேசி பார்ப்பதற்கும் கேட்பதற்கும் நல்ல கருவி. பத்துப் பக்கக் கட்டுரையை எழுதித் திருத்தவும், ஒரு நிரலை எழுதிப் பிழை கண்டுபிடிக்கவும் விசைப்பலகையும் அகன்ற திரையும் வேண்டும். கல்லூரியில் முதன்முறையாக விசைப்பலகையைத் தொடும் மாணவர், ஐந்தாம் வகுப்பிலேயே தொட்டவரோடு ஒரே தேர்வை எழுத வேண்டியிருக்கிறது.

பரணிலிருந்து இறக்கும்போது மின்கலத்தை முதலில் பாருங்கள். அது உப்பியிருந்தால் மின்னேற்றவோ அழுத்தவோ கூடாது, தீப்பற்றக்கூடும். அறிந்தவர் துணையுடன் அதைக் கழற்றி மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் சேர்த்துவிட வேண்டும். மின்கலம் இல்லாமலும் மின்னேற்றியின் துணையால் பல மடிக்கணினிகள் இயங்கும்.

அம்மாணவியின் கணினிக்கு எஸ்.எஸ்.டி.யும் கூடுதல் நினைவகமும் பொருத்தி லினக்ஸ் மின்ட் நிறுவினோம். ஒரு நிமிடத்திற்குள் திரை விரிந்தது. பழைய வன்தட்டிலிருந்து படியெடுத்த கோப்புகளில் அவருடைய அக்கா பன்னிரண்டாம் வகுப்பில் தட்டச்சு செய்த வேலை விண்ணப்பம் ஒன்று கிடைத்தது. அதைத் தம் அக்காவுக்கு அனுப்பிவிட்டு, அதே கோப்பில் பெயரை மாற்றித் தமக்கான விண்ணப்பத்தை அவர் எழுதத் தொடங்கினார்.