இருதய பலவீனமும் நிறுத்தப்படும் குளிசைகளும்

சென்ற மாரிகாலத்தில் ஐயா ஒருவர் கால்கள் வீங்கி, படுத்தால் மூச்செடுக்க முடியாத நிலையில் என்னிடம் வந்தார். விசாரித்தபோது, பிசோபுரோலோல் குளிசையை மூன்று கிழமைக்கு முன்னர் தானாகவே நிறுத்திவிட்டதாகச் சொன்னார். "இருதயம் பலவீனம் எண்டு சொல்லிப்போட்டு, துடிப்பைக் குறைக்கிற மருந்தைத் தந்தால் எப்படி டொக்டர்?"

நியாயமான கேள்வி. 1990களில் யாழ்ப்பாணத்தில் நான் மருத்துவம் படித்தபோது, இருதய பலவீனத்துக்கு பீற்றா புளொக்கர் கூடவே கூடாது என்றுதான் எங்களுக்கும் கற்பித்தார்கள்.

அந்தப் பாடத்தை மாற்றியவை கலங்களுக்குள் நடப்பதைத் தேடிய ஆய்வுகள். இருதயம் போதியளவு இரத்தத்தைத் தள்ளாதபோது, எங்கோ இரத்தம் வெளியேறுகிறது என்று உடல் பிழையாகக் கணக்கிடுகிறது. உடனே நோரட்ரினலின் இருதயத்தை முடுக்குகிறது. அல்டொஸ்ரெறோன் உப்பையும் நீரையும் பிடித்துவைக்கிறது. காயம்பட்டவருக்குச் சில மணிநேரம் இது உயிர்காக்கும். மாதக்கணக்கில் நீடித்தால் இருதயத் தசையில் தழும்பு விழும்; கலங்கள் மடியும். நோரட்ரினலினை ஏற்கும் பீற்றா வாங்கிகள், செயலிழந்த இருதயங்களில் பாதியளவாகக் குறைந்திருப்பதை 1982இல் அமெரிக்காவில் மைக்கல் பிரிஸ்ரோ குழுவினர் காட்டினர். ஓயாத இரைச்சலுக்குக் காதைப் பொத்திக்கொள்வது போன்றது இது.

சுவீடனில் ஃபின் வாக்ஸ்ரைன் குழுவினர் 1975இலேயே ஏழு நோயாளிகளுக்கு பீற்றா புளொக்கர் கொடுத்துப் பலன் கண்டிருந்தார்கள். பலர் நம்பவில்லை. மாறாக, இருதயத்தை மேலும் முடுக்கும் மில்றினோன் குளிசையைக் கொடுத்துப் பார்த்த 1991 ஆய்வில் மரணங்கள் 28 வீதம் கூடின. களைத்த மாட்டுக்கு மேலும் அடி! 1999இல் வெளியான இரு பெரிய ஆய்வுகளில் பீற்றா புளொக்கர் மரணங்களை 34 வீதம் குறைத்தது.

இதை அந்த ஐயாவுக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. பிழை அவருடையதல்ல, எங்களுடையது. பத்து நிமிடச் சந்திப்பில், அவருக்குப் பாதி விளங்கும் மொழியில், குளிசையின் பெயரை மட்டும் சொல்லி அனுப்புகிறோம். ஆரம்பக் கிழமைகளில் களைப்பு வரலாம் என்பதைக்கூடச் சொல்வதில்லை. அதனால்தான் அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டுகிறோம். களைப்புத் தாங்கமுடியாவிட்டால் எங்களிடம் வாருங்கள், திடீரென்று நிறுத்தாதீர்கள். காலையில் நிறையைப் பாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் உடனே அழையுங்கள்.

வைத்தியசாலையில் நீர் இறக்கிய பின், மிகச் சிறிய அளவில் மீண்டும் ஆரம்பித்தோம். இப்போது ஐயா மாடிப்படி ஏறி வருகிறார். ஊறுகாய் விடயத்தில் மட்டும் எங்களுக்குள் இன்னும் உடன்பாடில்லை.