பொய் சொல்லாத பலகை

ஸ்விட்ச் என்றதும் ஃபேனைத் தேடாதீர்கள். அமெரிக்க ரயில்காரர்கள் ஸ்விட்ச் என்று சொல்வது தண்டவாளம் இரண்டாகப் பிரிகிற இடத்தை. நம்ம ரயில்வே பாஷையில் பாயிண்ட். அதன் பக்கத்தில் ஒரு கம்பம். அடியில் நெம்புகோல், உச்சியில் தகரப் பலகை. ஆள் இறங்கிப் போய் நெம்புகோலைத் தள்ளினால் பாயிண்ட் நகரும். கூடவே கம்பமும் கால் வட்டம் திரும்பும். பலகை பச்சை காட்டினால் மெயின் லைன், சிவப்பு என்றால் கிளை. இதற்குப் பெயர் ஸ்விட்ச் ஸ்டாண்ட்.

அங்கே வீட்டின் அடித்தளத்தில் ரயில் விடும் ஆசாமிகள் நிறைய. எல்லாம் ஒழுங்காக வருமான வரி கட்டுகிற பெரிய மனிதர்கள்! பொம்மை என்றால் கோபம் வரும். 'மாடல்' என்று மரியாதையாகச் சொல்ல வேண்டும். பிரபலமான ஹெச்.ஓ. அளவில் எல்லாமே நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. 7 அடி ஸ்டாண்ட் 24 மில்லிமீட்டராகக் குறுகிவிடும். ஒரு இஞ்சு கூட இல்லை. முக்கால்வாசிப் பேர் அதைப் பசை போட்டு ஒட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறார்கள். ரயில் எந்தப் பக்கம் போனாலும் பலகை பச்சைதான். ஆயுள் முழுக்க 'எஸ் ஸார்' சொல்லும் ஹெட் கிளார்க் மாதிரி.

சிலர் மட்டும் அதைத் திரும்ப வைத்தே தீருவேன் என்று கிளம்புகிறார்கள். மெல்லிய கம்பி ஒன்றைப் பித்தளைக் குழாய்க்குள் செருகிக் கம்பமாக நிறுத்த வேண்டும். அதன் அடிமுனையை 'ட' மாதிரி மடக்கி, அந்த மடிப்பைப் பாயிண்ட்டின் குறுக்குப் பட்டையோடு இன்னொரு கம்பியால் இணைக்க வேண்டும். பட்டை நகர்வது சுமார் 2 மில்லிமீட்டர். அதற்குள் கம்பம் 90 டிகிரி திரும்ப மடிப்பின் நீளம் 1.4 மில்லிமீட்டர். இது பேப்பர் கணக்கு. துளையில் கால் மில்லிமீட்டர் லொடலொடப்பு இருந்தாலே போச்சு, 76, 77 டிகிரியோடு நின்றுவிடும். பலகை பச்சையுமில்லாமல் சிவப்புமில்லாமல் கோணலாகப் பார்க்கும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் மடிப்பை 1.25-க்குக் குறைக்கிறார்கள். பி.காம். படித்தவன் சொல்கிறேன், டாலி ஆகிறது!

வேடிக்கை என்னவென்றால், நிஜத்தில் ஸ்டாண்டுதான் பாயிண்ட்டை நகர்த்துகிறது. மாடலில் தலைகீழ். பலகைக்கு அடியில் ஒளிந்திருக்கும் மோட்டார் பாயிண்ட்டை நகர்த்த, பாயிண்ட் ஸ்டாண்டைத் திருப்புகிறது. மோட்டாரும் நிதானமாக நகர்கிற ரகமாக இருக்க வேண்டும். 'டப்'பென்று அடிக்கிற காயில் ரகத்துக்கு இந்த நூல் மாதிரிக் கம்பி தாங்காது.

இங்கேதான் ஒரு குறுக்கு வழி கூப்பிடும். அந்தக் குறுக்குப் பட்டையோடு மல்லுக்கட்டுவானேன், ஸ்டாண்டை நேராக மோட்டாரோடு இணைத்தால் வேலை சுலபம் அல்லவா? சுலபம்தான். ஆனால் பாயிண்ட் இடுக்கில் ஒரு ஜல்லித் துணுக்கு சிக்கினால்? மோட்டார் தன் கடமையைச் செய்துவிடும், பலகை ஜம்மென்று பச்சைக்குத் திரும்பிவிடும், பாயிண்ட் மட்டும் பாதியில் நிற்கும். பாஸ் புக்கைப் பார்க்காமல் கேஷ் புக்கை மட்டும் பார்த்து செக் எழுதுகிற கதை. பட்டையோடு இணைத்திருந்தால் பலகையும் பாதியில் நின்று காட்டிக் கொடுத்திருக்கும்.

மாடலில் இதனால் நாலு பெட்டி கவிழும், எடுத்து வைத்துக்கொள்ளலாம். நிஜத்தில் எடுத்து வைக்க முடியாது. 2023 ஜூன் 2, சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ். பாலசோர் பக்கத்தில் சிக்னல் மெயின் லைனுக்குப் பச்சை காட்டியது. பாயிண்ட் லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. லூப் லைனில் நின்றது சரக்கு ரயில். 290 பேருக்கு மேல் போனார்கள். சிக்னல் வேலையில் நடந்த ஒயரிங் கோளாறு என்றது விசாரணை. காட்டுகிற பொருள், நகர்கிற பொருளைப் பார்க்கவில்லை.

சரி, அடித்தளத்துக்குத் திரும்புவோம். பெயின்ட் அடிக்கிற அவசரம் எல்லோருக்கும் உண்டு, சிவப்பும் பச்சையும் கண்ணைப் பறிக்கும் சமாசாரமாச்சே! முதலில் வெறும் கம்பியை நூறு தடவை இப்படியும் அப்படியும் தள்ளிப் பார்த்துவிட்டு, பலகையைத் தனியாகக் கழற்றி வைத்துத்தான் பிரஷ்ஷை எடுக்க வேண்டும். ஒரு சொட்டு அந்தப் பித்தளைக் குழாய்க்குள் இறங்கிக் காய்ந்தால் ஸ்டாண்ட் அழகாக நிற்கும். நிற்க மட்டும்தான் செய்யும்.