கேமரா வாங்கப் போகிறீர்களா? ஒரு நிமிடம்!

பேரன் பிறந்தாலோ, காசிக்கு டிக்கெட் போட்டாலோ நம் வயதுக்காரர்களுக்கு ஓர் ஆசை வந்துவிடும். "ஒரு நல்ல டிஜிட்டல் கேமரா வாங்கணும். எது வாங்கலாம் சார்?" காலை நடையில் என்னிடம் இப்படிக் கேட்டவர்கள் பலர். நான் நிபுணன் அல்ல. தப்பான கேமராவை வாங்கி, அதைத் தப்பாகவும் பயன்படுத்தியவன் என்ற ஒரே தகுதியில் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டின் முதல் கேமரா ஆக்ஃபா கிளிக் 3. ஒரு பிலிம் சுருளுக்கு 12 படம்தான். வெயிலுக்கு ஒன்று, மேகமூட்டத்துக்கு ஒன்று என்று ஒரு சின்ன திருகு. கிட்டத்தட்ட அவ்வளவுதான் அதன் வித்தை. பிலிமை வீணாக்க முடியாது என்பதால், யாரை எடுக்கிறோம் என்று யோசித்துத்தான் பொத்தானில் விரல் வைப்போம். அப்பா, அம்மா, தாவணியில் அக்கா எல்லோரும் அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்களில் இன்றும் பளிச்சென்று இருக்கிறார்கள்.

ஓய்வு பெற்றதும் வந்த பணத்தில் ஒரு பெரிய கேமரா வாங்கினேன். "24 மெகாபிக்சல் சார்" என்றார் கடைக்காரப் பையன். மயங்கிவிட்டேன். இரண்டு லென்ஸ், தோள்பை, முக்காலி எல்லாம் சேர்ந்து வந்தன. பையைத் தூக்கினால் தோள் இறங்கியது. பாதி நாள் அது அலமாரியில்தான் குடியிருந்தது.

ஒருமுறை கோயம்புத்தூரிலிருந்து அக்கா வந்திருந்தாள். கும்பகோணம் பக்கம் தாராசுரத்துக்குப் போனோம். இரண்டாம் ராஜராஜன் கட்டிய ஐராவதேஸ்வரர் கோயில். தேர் போன்ற மண்டபமும், ஒரே தலையில் யானையும் காளையும் தெரியும் அந்தச் சிற்பமும் பார்த்தால் யாருக்குத்தான் கை பரபரக்காது? நான் லென்ஸை மாற்றுவதும் சக்கரத்தைத் திருப்புவதுமாக இருந்தேன். அக்கா தூணோரம் உட்கார்ந்து, "டேய், கல்லு எண்ணூறு வருஷமா நிக்குது, எங்கயும் ஓடிடாது. என்னை ஒண்ணு எடுடா" என்றாள். "இரு அக்கா, வெளிச்சம் சரியில்லை" என்றேன்.

வீட்டுக்கு வந்து எண்ணினேன். மொத்தம் 214 படங்கள். அக்கா இருந்தது இரண்டில். ஒன்றில் முதுகு. இன்னொன்றில் ஓரத்தில் கலங்கலாக ஒரு முகம்.

அந்த மார்கழியில் அக்கா போய்விட்டாள். அவள் மகள் போன் செய்து, "மாமா, தாராசுரத்துல அம்மாவை நிறைய எடுத்திருப்பீங்களே, நல்லதா ஒண்ணு அனுப்புங்க" என்றாள். எனக்கு நாக்கு எழவில்லை. கடைசியில் வங்கிக் கணக்குக்காக எடுத்த பாஸ்போர்ட் சைஸ் படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டார்கள். அதில் அக்கா சிரிக்கவே இல்லை.

கேமரா மேல் ஒரு குற்றமும் இல்லை. குற்றம் என்னுடையது. ஆகவே என் கருத்து இதுதான்: நம் வயதில் கேமரா என்பது கலைக்காக அல்ல, மனிதர்களுக்காக. அதை மனதில் வைத்து வாங்குங்கள்.

முதலில், மெகாபிக்சல் கணக்கில் மயங்காதீர்கள். ஆல்பத்தில் ஒட்டும் 4க்கு 6 அங்குலப் படத்துக்கு 2 மெகாபிக்சலே போதும். சுவரில் மாட்டும் 8க்கு 10 அங்குலத்துக்கு 7 இருந்தால் தாராளம். இன்று கடையில் கிடைக்கும் பெரும்பாலான கேமராக்கள் இதைத் தாண்டியே இருக்கும்.

அடுத்து, கடையிலேயே கையில் வாங்கிப் பாருங்கள். சட்டைப் பையிலோ கைப்பையிலோ அடங்குகிறதா? கண்ணாடி போட்டுக்கொண்டு திரையில் உள்ள எழுத்தைப் படிக்க முடிகிறதா? பொத்தான்கள் நம் விரலுக்குத் தோதாக இருக்கின்றனவா? கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி உண்டா என்று அவசியம் கேளுங்கள். இளைஞர்களைவிட நமக்குத்தான் அது தேவை. ஜூம் என்றால் லென்ஸ் நகர்ந்து பெரிதாக்கும் ஆப்டிகல் ஜூம் எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். டிஜிட்டல் ஜூம் என்பது படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதுதான். அதற்குக் காசு கொடுக்க வேண்டாம்.

"போனிலேயே கேமரா இருக்கே சார்?" என்பீர்கள். பலருக்கு அதுவே போதும், மறுக்கவில்லை. ஆனால் மேடையில் ஆடும் பேத்தியைக் கடைசி வரிசையிலிருந்து எடுக்கவும், நடுங்கும் கையில் இறுக்கிப் பிடிக்கவும் தனிக் கேமரா எனக்கு வசதியாக இருக்கிறது. இப்போது நான் வைத்திருப்பது உள்ளங்கை அளவு ஒன்று. பெரியதை மருமகனுக்குக் கொடுத்துவிட்டேன்.

பயன்படுத்த எனக்குத் தெரிந்த பாடம் ஒரு கைப்பிடிதான். ஆட்டோவில் விட்டுவிடுங்கள். முழங்கைகளை விலாவோடு ஒட்டி, முடிந்தால் சுவரில் சாய்ந்து நில்லுங்கள். பொத்தானைப் பாதி அழுத்தி, முகம் தெளிவானதும் முழுதும் அழுத்துங்கள். எடுக்கப்படுபவருக்குப் பின்னால் ஜன்னல் வேண்டாம், முகம் கறுத்துவிடும். ஜன்னல் பக்கம் முகம் திரும்பியிருக்கட்டும். சின்னக் கேமராவின் ஃபிளாஷ் பத்தடிக்கு மேல் அதிகம் எட்டாது. கல்யாண மண்டபத்தின் கோடியில் நின்று மின்னலடித்துப் பயனில்லை, பக்கத்தில் போங்கள்.

கடைசியாக ஒன்று. கார்டில் இருக்கும் படம் பத்திரம் என்று நினைக்காதீர்கள். கணினியில் ஒரு பிரதி, தனியாக இன்னொரு பிரதி வையுங்கள். மாதம் பத்துப் படமாவது கடையில் கொடுத்துப் பிரிண்ட் போட்டு, பின்பக்கம் பெயரும் தேதியும் எழுதி வையுங்கள். ஆக்ஃபா காலத்துப் படங்கள் பிழைத்தது காகிதத்தில் இருந்ததால்தான்.

கோயிலை எடுங்கள், மலையை எடுங்கள். ஆனால் கூட வந்தவர் "என்னை ஒண்ணு எடு" என்று கேட்டால், லென்ஸை அவர் பக்கம் திருப்புங்கள். வெளிச்சம் சரியில்லாவிட்டாலும் பரவாயில்லை.