கழிவு கூலியில் இல்லை!

நாட்டரசன்கோட்டை கணக்குத் தெரிந்த ஊர். பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கடை வைத்து, பற்று வரவைப் பிசகாமல் பேரேட்டில் எழுதிய நகரத்தார் வாழ்ந்த ஊர்களில் அதுவும் ஒன்று. அங்கிருந்து கிழக்கே சிறிது தூரம் போனால் காளையார்கோவில். தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் காளீஸ்வரா மில் 'பி' யூனிட் அங்கேதான் இருக்கிறது. 2020 மார்ச்சில் ஊரடங்கோடு அந்த ஆலை நின்றது. ஊரடங்கு முடிந்தது, ஆலையோ ஆண்டுக்கணக்கில் ஓடவில்லை. கதிர்கள் சும்மா நின்றன. கைதேர்ந்த தொழிலாளர்கள் குறைச் சம்பளத்தோடு வீட்டில் முடங்கினர். இந்த நஷ்டத்தைப் பேரேட்டில் எந்தப் பக்கத்தில் எழுதுவது?

"கழிவைக் குறைத்தால் இலாபம் பெருகும்" என்று ஆலை நிர்வாகங்கள் சொல்கின்றன. நாம் மறுக்கவில்லை. நாட்டின் பஞ்சும் மின்சாரமும் வீணாவதைத் தொழிலாளி விரும்புவதில்லை. ஆனால் சிக்கனம் என்ற சொல் நிர்வாகத்தின் வாயிலிருந்து வந்ததும், மறுநாள் ஆட்குறைப்பு நோட்டீசாக மாறிவிடுகிறதே, அது ஏன்? கழிவு எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா?

பஞ்சாலையையே எடுத்துக்கொள்வோம். நூலின் அடக்க விலையில் பாதிக்கு மேல் பஞ்சின் விலை. அந்தப் பஞ்சு ப்ளோரூமில் தூசியும் விதைத்தூளுமாக உதிர்கிறது. கார்டிங்கில் குட்டை இழையாகக் கழிகிறது. ஸ்பின்னிங்கில் இழை அறுந்தபோதெல்லாம் உறிஞ்சு குழாய்க்குள் போகிறது. சீவு நூல் என்றால் கழிவு இன்னும் அதிகம்.

ஒரு சின்னக் கணக்கு. நாளொன்றுக்கு 10,000 கிலோ பஞ்சு தின்னும் ஆலையில் நூற்றுக்கு ஒன்று மட்டும் கழிவு குறையட்டும். நாளுக்கு 100 கிலோ நூல் கூடும். 300 நாள் ஓடினால் 30,000 கிலோ! இதற்காக யாருடைய கூலியிலும் ஒரு காசு பிடிக்கத் தேவையில்லை.

இந்த ஒன்றைக் குறைப்பது எப்படி? ஆலைத் தொழிலாளியைக் கேளுங்கள், சொல்லுவார். மட்டமான பஞ்சை மலிவு என்று வாங்கிப் போட்டால் இழை அறும். கூடத்தில் ஈரப்பதம் குறைந்தால் இழை அறும். தேய்ந்த உருளையை மாற்றாமல் ஓட்டினால் இழை அறும். பஞ்சு வாங்குவது யார்? உருளை மாற்றப் பணம் ஒதுக்குவது யார்? தொழிலாளியா?

தவிர்க்க முடியாத கழிவும் உண்டு. அதுவும் குப்பையல்ல. கழிவுப் பஞ்சிலிருந்து முரட்டு நூல் நூற்கும் ஓப்பன் எண்ட் ஆலைகள் தமிழகத்திலேயே நடக்கின்றன. கழிவைத் தரம் பிரித்து வைத்தால் அதற்கும் நல்ல விலை உண்டு; எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் திணித்தால் கிடைத்த விலைதான்.

ஜப்பானைப் பார் என்று நமக்கு உபதேசம் செய்கிறார்கள். பார்ப்போம்! டொயோட்டா கார்த் தொழிற்சாலையில் தாயிச்சி ஓனோ என்ற பொறியாளர் கழிவை ஏழு வகையாகப் பிரித்தார். தேவைக்கு மேல் உற்பத்தி, காத்திருப்பு, வீண் போக்குவரத்து, வேண்டாத வேலை, தேங்கிய சரக்கு, வீண் அசைவு, பழுதுப் பொருள் என்பவை அந்த ஏழு. இந்தப் பட்டியலில் தொழிலாளியின் கூலி இல்லை! அதுமட்டுமல்ல, பழுது கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்து வேலையையே நிறுத்தலாம் என்ற உரிமை அங்கே தரப்பட்டது. நம் ஊரில் நிறுத்தினால் என்ன கிடைக்கும்? மெமோ கிடைக்கும்!

2023 மார்ச்சில் இந்திய அரசு சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கென்று கழிவு குறைப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஆலோசகர் கட்டணத்தில் நூற்றுக்கு 90 பங்கை அரசே ஏற்பதாக அறிவித்தது. அது மக்கள் பணம். அந்தப் பணத்தில் வரும் ஆலோசகர், நிர்வாக அறையோடு திரும்பிவிடலாமா? இயந்திரத்தின் அருகே எட்டு மணி நேரம் நிற்பவனிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? 100 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஆலையில் இரு தரப்பும் உட்காரும் கமிட்டிக்கு 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டமே இடம் கொடுத்தது. அந்தக் கமிட்டி கேன்டீன் டீயைப் பற்றி மட்டும் பேசினால் போதுமா?

நாம் கேட்பவை மூன்று. கழிவுக் கணக்கை இலாகாவாரியாகத் தொழிலாளர் பார்வைக்கு வையுங்கள். குறைக்கும் வழியைத் தொழிலாளரோடு கலந்து முடிவு செய்யுங்கள். மிச்சமானதில் அவர்களுக்கும் பங்கு கொடுங்கள்.

தோழர்களே! கழிவைக் குறைக்கும் வேலையை முதலாளியின் வேலை என்று ஒதுக்கிவிடாதீர்கள். வீணாகும் ஒவ்வொரு கிலோ பஞ்சும் நாளைக்கு "ஆலை நஷ்டம், மூடுகிறோம்" என்ற அறிவிப்புக்குச் சாக்காகும். கணக்கைக் கேளுங்கள், கேட்டுப் படியுங்கள். ஓடாத இயந்திரமும் வேலையில்லாத கையும்தான் எல்லாவற்றிலும் பெரிய கழிவு. காளையார்கோவில் கற்றுத் தந்த பாடம் அதுவே!