பூனைக்குக் கிடைத்த அரை மணி நேரம்

விஞ்ஞானம் விண்ணை அளக்கிறது, அணுவைப் பிளக்கிறது என்று மேடைதோறும் முழங்குகிறோம். ஆனால், நம் முதுகெலும்புக்குள் ஓடும் சுண்டுவிரல் பருமனுள்ள தண்டுவடம் ஒருமுறை நசுங்கிவிட்டால், அதைப் பழையபடி ஆக்கும் மருந்து உலகில் எங்கும் இல்லை. இருந்தும், "ஆக்சிஜனேற்றத் தடுப்பு மருந்தால் எலி நடந்தது" என்ற செய்தி அடிக்கடி வருகிறது. அச்செய்தியை நாம் எவ்வாறு படிக்க வேண்டும் என்பதே என் கேள்வி.

எங்கள் நாகரசம்பட்டிப் பக்கம் தென்னையும் மாவும் மிகுதி. மரத்திலிருந்து விழுவோரும் உண்டு. என் தாய்மாமன் தென்னையிலிருந்து விழுந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான் என்பதால், அத்தை ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டி, "நீ படிக்கிற புள்ள, இது நெசமான்னு பாத்துச் சொல்லு" என்றார். மஞ்சள் சத்து மாத்திரையாம், நரம்பை உயிர்ப்பிக்குமாம், விலங்குகளில் நிரூபிக்கப்பட்டதாம். ஒரு மாத மாத்திரையின் விலை, அத்தை மாந்தோப்பில் பத்து நாள் பாடுபட்டுப் பெறும் கூலி!

நிரூபிக்கப்பட்டது என்பது முழுப் பொய்யன்று. சிக்கலே அங்குதான். 1911-இல் அமெரிக்க மருத்துவர் ஆலன், நாய்களின் தண்டுவடத்தின்மீது எடையை விழவிட்டு ஆராய்ந்தார். அடிபட்ட இடத்தில் தேங்கிய இரத்தத்தையும் சிதைவையும் நீக்கிய நாய்கள் மற்றவற்றைவிடத் தேறின. அதாவது, அடி மட்டுமே கெடுப்பதில்லை. அடிக்குப் பின் உள்ளே நடப்பதும் கெடுக்கிறது. வேதியியல் வகுப்பில் 'தனி உறுப்புகள்' என்று படிக்கிறோமே, அவைதாம் இதில் முக்கியக் குற்றவாளிகள். கசிந்த இரத்தத்தின் இரும்பு அவற்றைப் பெருக்குகிறது. நாள்பட்ட கடலை எண்ணெய் காறல் வாடை அடிப்பது எந்த வினையாலோ, ஏறத்தாழ அதே வினையால் நரம்புச் செல்லின் கொழுப்புச் சவ்வு சிதைகிறது. இது சில மணி நேரத்தில் பற்றிப் படரும் தீ. தீ பரவுமுன் நீர் ஊற்றுவதே ஆக்சிஜனேற்றத் தடுப்பு மருத்துவம்.

இனி, நீர் எப்போது ஊற்றப்பட்டது என்று பாருங்கள். 1980-களில் பூனைகளுக்கு மெதில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டைப் பெருமளவில் செலுத்திப் பார்த்தார்கள். அடிபட்ட அரை மணியில் ஊசி! 1988-இல் வெளியான மற்றோர் ஆய்வில் பூனைகளுக்கு வைட்டமின் இ கொடுத்தார்கள். காயப்படுத்துவதற்கு 5 நாள் முன்பிருந்தே! தென்னையிலிருந்து விழப்போகிறவன் ஐந்து நாள் முன்னதாக யாரிடம் சொல்லிவைப்பான்?

மனிதர்களிடம் வந்தபோது என்ன ஆயிற்று? 1990-இல் அமெரிக்காவில் 487 பேரிடம் நடந்த ஆய்வு வெளிவந்தது. மொத்தமாகப் பார்த்தால் அந்த ஸ்டீராய்டால் பயன் தெரியவில்லை. 8 மணி நேரத்துக்குள் ஊசி பெற்றவர்களைத் தனியே பிரித்தபோது சிறிது முன்னேற்றம் தெரிந்தது. அதைக்கொண்டே உலகெங்கும் ஊசி போட்டார்கள். 2013-இல் அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர் சங்கங்கள் வேண்டாம் என்றன. 2017-இல் வேறொரு நிபுணர் குழு, 8 மணிக்குள் என்றால் எண்ணிப் பார்க்கலாம் என்றது. ஸ்டீராய்டின் தீங்கின்றி ஆக்சிஜனேற்றத்தை மட்டும் தடுக்க உருவாக்கிய டிரிலசாட் 1997 ஆய்வோடு நின்றுவிட்டது. ஆக, அந்த மணிக்கணக்கே இன்னும் வழக்கில் இருக்க, மூன்றாண்டு ஆன காயத்துக்கு மாத்திரை விற்பவரை என்னென்பது! அணைந்து ஆறிய சாம்பலுக்கு நீர் ஊற்றக் காசு கேட்கிறார்.

விலங்காய்வு வீண் என்பார் கட்சியில் நான் சேரவில்லை. தண்டுவடம் எப்படிச் சாகிறது என்பதை நமக்குச் சொன்னவை அந்த நாய்களும் பூனைகளும்தாம். எலியை மயக்கி, அளந்து அடித்து, உடனே ஊசி போடுகிறார்கள். என் மாமனை நால்வர் கையும் காலும் பிடித்துத் தூக்கி, ஆட்டோவில் மடக்கி உட்காரவைத்தார்கள். முதலில் எலும்பு கட்டுபவரிடம், பிறகு கிருஷ்ணகிரி, பிறகு ஓசூர் தாண்டிப் பெங்களூர். போய்ச் சேரும்போது நள்ளிரவு. எலியையும் மாமனையும் ஒப்பிட முடியுமா?

மருந்து வரும்வரை வாழ்வில்லை என்றும் இல்லை. 1954-இல் கார் விபத்தில் கால்கள் செயலிழந்த வேலூர் மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையத்தையும் நிறுவினார். 1975-இல் கழுத்துக்குக் கீழ் செயலிழந்த ராமகிருஷ்ணன், 1981-இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். முடங்கியவரைக் கொல்வது பெரும்பாலும் படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றுமே. இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைக்க மாத்திரைக் காசு வேண்டாம். ஆனால் அதைச் சொல்லித்தர ஓர் ஆள் வேண்டும். அத்தைக்கு ஒருவரும் சொல்லவில்லை.

மாத்திரை வேண்டாம், அந்தப் பணத்தில் நல்ல காற்று மெத்தை வாங்குங்கள் என்றேன். அத்தைக்கு என்மீது சிறிது வருத்தந்தான்.

நமது நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஆண்டுதோறும் புதர் வெட்டுகிறோம், கோயில் சுவருக்கு வெள்ளையடிக்கிறோம். இவ்வாண்டு ஒரு நாளேனும், விழுந்தவரை வளைக்காமல் கதவுப் பலகையில் கிடத்துவது எப்படி, கழுத்தை அசையாமல் பிடிப்பது எப்படி, 108-ஐ அழைத்துவிட்டு என்ன செய்யக்கூடாது என்று மருத்துவரைக் கொண்டு பழக்கினால் என்ன? மரமேறுவோர் மிகுந்த ஊராகப் பார்த்து முகாம் அமைக்கலாம். எங்கள் ஊரே பொருத்தம். இடத்துக்கு நான் பொறுப்பு.