கழுத்துக் கணுக்களைப் பற்றி முன்கூட்டியே கேளுங்கள்

அறுவை அரங்கின் கதவு திறந்து மருத்துவர் வெளியே வந்ததும் உறவினர் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் ஒன்றே: "எல்லாத்தையும் எடுத்துட்டீங்களா, டாக்டர்?" வன்னியம்பட்டி, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதிகளிலிருந்து தைராய்டு புற்றுநோய்க்காக வரும் குடும்பத்தார் இவ்வாறு கேட்பதை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம். அக்கேள்வியில் உள்ள அச்சமும் அன்பும் எங்களுக்குப் புரியாதவை அல்ல. ஆயினும், அதைக் கேட்பதற்கு உரிய நேரம் அறுவைக்கு முன்னர் என்பதே எங்கள் கருத்து. ஸ்கேன் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, சற்றே வேறு வடிவில் அதைக் கேட்க வேண்டும்: கழுத்தின் நடுப்பகுதியையும் இருபக்கங்களையும் பார்த்துவிட்டீர்களா? எந்தக் கணுக்களை எடுக்கப் போகிறீர்கள், எவற்றை விட்டுவைக்கப் போகிறீர்கள், ஏன்?

தொண்டைப் புண் வந்தால், "நெறி கட்டியிருக்கிறது" என்று வீட்டுப் பெரியவர்கள் கழுத்தைத் தடவிப் பார்த்துச் சொல்வார்கள். அந்த நெறிகளே நிணநீர்க் கணுக்கள். கிருமிகளைத் தடுத்து நிறுத்தும் காவற்சாவடிகளாக அவை கழுத்து நெடுகிலும் அமைந்துள்ளன. தைராய்டு புற்றுநோய்களுள் மிகுதியாகக் காணப்படுவது பாப்பிலரி வகை. இது பரவத் தொடங்கினால் பெரும்பாலும் நிணநீர் வழியே சென்று முதலில் இக்கணுக்களில்தான் தங்கும். பொதுவாக, மூச்சுக்குழலை ஒட்டிய நடுக்கழுத்துக் கணுக்கள் முதற்படி. பக்கக் கழுத்துக் கணுக்கள் அடுத்த படி. ஃபாலிகுலர் வகையோ பெரும்பாலும் இரத்தத்தின் வழியே பரவும். ஆகவே, எவ்வகைப் புற்றுநோய் என்பதைத் தெரிந்துகொண்ட பிறகே கணுக்களைப் பற்றிய பேச்சுக்குப் பொருள் உண்டு.

அறுவையின்போது கணுவில் நோய் இருப்பதை மருத்துவர் எவ்வாறு அறிகிறார்? முதற்கருவி கண், அடுத்தது விரல். நோய் ஏறிய கணு கருமை படர்ந்தோ, உருண்டு கெட்டியாகவோ, நீர்க்கட்டிபோலவோ தென்படலாம். ஐயம் எழுந்தால் அக்கணுவை எடுத்து நோய்க்குறியியல் பிரிவுக்கு அனுப்புவார்கள். அங்கே அதை உறையவைத்து மெல்லிய சீவல்களாக அரிந்து, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்து, ஏறத்தாழ அரை மணி நேரத்தில் பதில் சொல்வார்கள். 'ஃப்ரோசன் செக்‌ஷன்' என்பது இதுவே. நோயாளி மயக்கத்தில் இருக்கும்போதே முடிவெடுக்க இது துணைபுரிகிறது.

ஆனால் இம்மூன்றுக்கும் எல்லை உண்டு. கண்ணுக்கு இயல்பாகத் தோன்றும் கணுவினுள் மிகச்சிறு நோய்த்துகள் ஒளிந்திருக்கலாம். உறையவைத்த சீவலில் அது தப்பிவிடவும் கூடும். முழுமையான திசு அறிக்கை வருவதற்குச் சில நாட்கள் ஆகும். அரங்கினுள் தேடுவதை மட்டுமே நம்பியிருத்தல் போதாது என்று நாங்கள் கருதுவதற்குக் காரணம் இதுதான்.

அப்படியானால் எல்லாக் கணுக்களையும் அகற்றிவிட்டால் கவலை தீருமே என்று தோன்றலாம். மருத்துவ வரலாறு இங்கே நம்மை எச்சரிக்கிறது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் தியோடர் கோகர், தைராய்டு அறுவையைப் பாதுகாப்பானதாக மாற்றியவர். சுரப்பி முழுவதையும் அகற்றப்பெற்றவர்கள் பின்னாளில் உடல் வீங்கி, சிந்தனை மந்தமாகித் தளர்ந்துபோனதை 1883இல் அவரே உலகுக்கு எடுத்துரைத்தார். தம் கையால் நேர்ந்ததை மறைக்காத அம்மருத்துவருக்கு, தைராய்டு பற்றிய பணிகளுக்காக 1909இல் நோபல் பரிசு கிடைத்தது. அன்று அவர் கண்ட குறையை இன்று தினமொரு மாத்திரை ஈடுசெய்கிறது. நடுக்கழுத்தைத் துப்புரவாக்கும்போது ஏற்படக்கூடிய வேறு இரண்டு இழப்புகளை ஈடுசெய்வது அவ்வளவு எளிதன்று.

ஒன்று, குரல்நரம்பு. நடுக்கழுத்துக் கணுக்கள் இந்நரம்பின் ஓரமாகவே கிடக்கின்றன. அது காயமுற்றால் குரல் கம்மும். நீர் பருகும்போது புரையேறும். வகுப்பெடுக்கும் ஆசிரியைக்கும், மார்கழி விடியலில் ஆண்டாள் சந்நிதியில் திருப்பாவை பாடும் அம்மாவுக்கும் குரல் என்பது என்ன என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை. மற்றொன்று, பாராதைராய்டு சுரப்பிகள். அரிசி மணியளவே உள்ள இவை பெரும்பாலோர்க்கு நான்கு இருக்கும். இரத்தத்தின் கால்சியத்தை நிலையாக வைத்திருப்பது இவற்றின் வேலை. கொழுப்புத் துணுக்கைப்போலவும் கணுவைப்போலவும் தோற்றமளிப்பதால், கணுக்களோடு சேர்ந்து இவையும் வெளியேறிவிடலாம்; இரத்த ஓட்டம் இழந்து வாடவும் கூடும். அதன் விளைவாக உதட்டைச் சுற்றி மதமதப்பும், விரல் நுனியில் எறும்பூர்வது போன்ற உணர்வும், கைகால் இழுப்பும் வரும். பலருக்கு இது சில வாரங்களில் சரியாகிவிடும். சிலருக்கோ வாழ்நாள் முழுவதும் கால்சியமும் வைட்டமின் டியும் உட்கொள்ள வேண்டிய நிலை ஏற்படும்.

இதன் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. நோய் ஏறிய கணுவை விட்டுவிட்டால், பின்னர் தழும்பேறிய கழுத்தில் மீண்டும் கத்தி வைக்க நேரும். தழும்பினுள் நரம்பையும் சுரப்பியையும் இனங்காண்பது முதல் முறையைவிடக் கடினம், ஆபத்தும் மிகுதி. ஆகையால், தேவையின்றி எடுப்பதும் தவறு. தேவையானதை விடுவதும் தவறு.

இவ்விரண்டுக்கும் இடையே வழி காட்டுவது, அறுவைக்கு முன் கழுத்து முழுவதற்கும் எடுக்கப்படும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். தைராய்டு புற்றுநோய் அறுவைக்குச் செல்லும் அனைவருக்கும் இது தேவை என்று அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2015 வழிகாட்டுதல் கூறுகிறது. உருண்டை வடிவம், நடுக்கொழுப்பு மறைதல், சுண்ணாம்புப் புள்ளிகள், நீர்க்கோப்பு ஆகியன ஐயத்துக்குரிய அடையாளங்கள். குறுக்களவில் 8 முதல் 10 மில்லிமீட்டரை எட்டிய அத்தகைய கணுவில் ஊசி செலுத்திச் சோதிக்கலாம். ஊசியைக் கழுவிய நீரில் தைரோகுளோபுலின் அளவைப் பார்த்தும் உறுதிசெய்யலாம். பக்கக் கழுத்தில் இந்த ஸ்கேன் நன்றாகக் காட்டும். நடுக்கழுத்தில் தைராய்டே மறைப்பதால் சில கணுக்கள் தெரியாமல் போகலாம். அவ்விடத்தில்தான் அறுவை மருத்துவரின் கண்ணும் விரலும் இன்றியமையாதவை.

கணுவில் நோய் இருப்பது தெரிந்தால் அப்பகுதிக் கணுக்களை முறையாக அகற்ற வேண்டும். இதில் ஐயத்துக்கு இடமில்லை. ஸ்கேனிலும் அரங்கிலும் நோய் தென்படாத சிறிய பாப்பிலரி கட்டிக்கு, முன்னெச்சரிக்கை என்ற பெயரில் நடுக்கழுத்தைத் துப்புரவாக்குவதை நாங்கள் பொதுவிதியாக ஏற்கவில்லை. கட்டி பெரிதாயிருந்தாலோ, சுரப்பியைக் கடந்து வெளியே பரவியிருந்தாலோ, பக்கக் கழுத்தில் நோய் இருந்தாலோ நிலைமை வேறு. மெடுல்லரி வகையும் வேறு. கதிரியக்க அயோடின் அதன்மீது வேலை செய்யாது என்பதால், கணுக்களை அகற்றுவதில் கூடுதல் கண்டிப்பு தேவை.

மாற்றுக் கருத்துடைய மருத்துவர்களும் உள்ளனர். "தொலைவிலிருந்து வருபவர் மறுபரிசோதனைக்கு ஒழுங்காக வருவாரா? முதல் அறுவையிலேயே முடித்துவிடுவது நல்லதல்லவா?" என்று அவர்கள் கேட்கிறார்கள். மில்லில் ஒரு நாள் விடுப்பெடுத்தால் கூலி போய்விடும் குடும்பங்களை நினைத்துத்தான் அவ்வாறு கேட்கிறார்கள். அதை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் கால்சியம் குறைந்துபோனவர்தான் இரத்தப் பரிசோதனைக்காக அடிக்கடி பேருந்து ஏற வேண்டியிருக்கும். பயணத்தைக் குறைப்பதற்காகச் செய்த அறுவை, பயணத்தைக் கூட்டிவிடலாம்.

எங்கள் தரப்பிலும் குறை உண்டு. "கழுத்தில் கணுக்கள் காணப்படுகின்றன" என்ற ஒற்றை வரியோடு முடியும் ஸ்கேன் அறிக்கை யாருக்கும் உதவாது. எந்தப் பக்கம், எந்தப் பகுதி, எவ்வளவு அளவு, ஐயத்துக்குரியதா என்பதை எழுத வேண்டியது மருத்துவமனையின் கடமை. அவ்வாறு எழுதப்படாவிட்டால் கேட்டு வாங்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கேட்பதை மருத்துவர்மீது கொண்ட ஐயமாக எவரும் கருத மாட்டார்.

அறுவைக்குப் பின் வரும் திசு அறிக்கையையும் பத்திரப்படுத்துங்கள். அதில் "கணுவில் நோய்" என்ற சொல்லைக் கண்டதும் கலங்க வேண்டாம். எத்தனை கணுக்கள், எவ்வளவு பெரிய படிவு என்பதே முக்கியம். 5 அல்லது அதற்குக் குறைவான கணுக்களில் 2 மில்லிமீட்டருக்கும் சிறிய படிவுகள் மட்டுமே இருந்து, ஐயத்துக்குரிய வேறு கூறுகளும் இல்லையெனில், அதனைக் குறைந்த ஆபத்துள்ள நிலையாகவே மேற்கூறிய வழிகாட்டுதல் வகைப்படுத்துகிறது.

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியின் தறிகளில் நெய்யப்படும் காஸ் துணி பல ஊர்களின் அறுவை அரங்குகளுக்குச் செல்கிறது. அத்துணியை நெய்யும் ஊர்களிலிருந்து வருபவர்களுக்கு, கழுத்தில் கத்தி படுவதற்கு முன்னரே எது எடுக்கப்படும், எது காக்கப்படும் என்பது தமிழில், பொறுமையாகச் சொல்லப்பட வேண்டும். அடுத்த முறை வரும்போது பழைய ஸ்கேன் படங்களையும் ஊசிப் பரிசோதனை அறிக்கையையும் மஞ்சப்பையில் போட்டு மறக்காமல் எடுத்து வாருங்கள். உங்களோடு அமர்ந்து அவற்றைப் பார்க்க நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.